பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

அந்தக் குரல் வீட்டுக்குள் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்னும் போகவில்லை.

சண்முகம் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடிக்குக் கீழே போனைச் சாய்த்து வைத்திருந்தார். பாதி முகத்தில் நுரை. போன் பேசிக்கொண்டிருந்தது.

"நம்ம ஹிந்தே ஹரிஷ் இருந்தானே, என்ன ஆளுப்பா அவன்! பேக்கரியில நின்ன இடத்துலயே ஆறு எக் பப்ஸ் தின்னான். ஏழாவது கேட்டதும் கடைக்காரர் ஷட்டரை இழுத்துட்டாரு..."

சமையலறையில் இருந்த சீதாலட்சுமிக்கு அது மனப்பாடம். அடுத்து மைசூர் பேச்சுப்போட்டி வரும். கையில் தாள் இல்லாமல் மேடை ஏறி, மூச்சு விடாமல் பேசி, நடுவர் மணியடிக்க மறந்துபோன கதை. அதற்கப்புறம் பிரின்சிபால் மாதிரி பேசிக் காட்டியது. கடைசியில் ஒரு பெரிய சிரிப்பு.

"கேட்டியா சீதா? முட்டை பப்ஸாம். நம்ம வீட்டுல முட்டை உடைச்சா வாசல்ல போய் நிப்பான்."

"வெளிய போனா பசங்க எதையும் துன்னும்."

"ஆறு!" என்றார் சண்முகம். கன்னத்தில் கத்தி நின்றது. "ஆறு துன்னானாம்."

மகன் ஹரிஷ் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. டன்ஸ்டன் கலைக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். ஓசூர் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி. அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அதற்கு முன்பும் பேச்சு குறைவுதான். சண்முகம் பெங்களூர் அடுகோடியில் லேத் பட்டறை போர்மேன். பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துத் தன் பக்கத்தில் வந்து நிற்பான் என்று இருந்தார். அவன் போய் ஹிஸ்டரி, எகனாமிக்ஸ், பொலிடிகல் சயின்ஸ் மூன்றும் சேர்ந்த பி.ஏ. எடுத்தான். பெங்களூரில் அதை எச்.இ.பி. என்பார்கள்.

"எச்.இ.பி.யா? எந்த மெஷினுக்கு ஸ்பேர் பார்ட் அது?"

அவர் மகனிடம் நேராகப் பேசிய கடைசி வாக்கியம் அதுதான். பிறகு எல்லாம் சீதாலட்சுமி வழியாக. அவனைச் சாப்பிடச் சொல்லு. அவனை விளக்கை அணைக்கச் சொல்லு. அவனும் ஏதாவது சொல்ல வாயெடுப்பான். அவனுக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும். அவன் ஆரம்பிப்பதற்குள் சண்முகம் செருப்பை மாட்டியிருப்பார்.

இப்போது கல்லூரியையே மூடுகிறார்கள். வரும் ஜூனில் கட்டடம் வேறு கைக்குப் போகிறது. பழைய மாணவர்களின் நினைவுகளைக் குரலாகப் பதிந்து சேர்த்து வைக்கிற வேலையை அங்கே நூலகராக இருந்த கேரல் எடுத்திருந்தார். வகுப்புத் தோழன் மஞ்சுநாத் பேசிய பதிவை அவர்தான் போன வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "உங்கள் மகனைப் பற்றி" என்று எழுதியிருந்தார்.

ஹிந்தே என்றால் கன்னடத்தில் பின்னால். ஹரிஷ் உயரம், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், அதனால் வந்த பட்டப்பெயர் என்று மகள் அனுஷா அர்த்தம் சொன்னாள். எல்லோருக்கும் சரியாகப் பட்டது.

அன்று கல்லூரியில் கடைசி ஒன்றுகூடல். பெற்றோர் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லிச் சண்முகத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அந்தக் கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை.

அனுஷா வைட்ஃபீல்டிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். அண்ணன் போனபோது அவளுக்கு எட்டு வயது.

"அப்பா, இந்த வெள்ளைச் சட்டையா? கட்சிக்காரர் மாதிரி இருக்கீங்க."

"உங்க அண்ணன் மைசூர்ல மேடை ஏறினவன். அவன் அப்பன் எப்படி இருக்கணும்?"

"கொடி மட்டும்தான் பாக்கி."

அவர் சிரித்தார். பல் தெரிந்தது. சீதாலட்சுமி அடுப்பை அணைக்க மறந்து நின்றாள்.

*

சிவாஜிநகர் பஸ் நிலையத்தைத் தாண்ட ஆட்டோவுக்குப் பாதி நேரம் போனது. கறிக்கடை வாசனை, துணிக்கடைக் கூவல், குறுக்கே ஒரு ஆடு. சண்முகம் எதையும் பார்க்கவில்லை. உதடு அசைந்துகொண்டே வந்தது. பேசிப் பார்க்கிறார்.

சின்னக் கல்லூரி. கல் கட்டடம் ஒன்று, மழைமரம் ஒன்று, சைக்கிள் ஸ்டாண்டு ஒன்று. வாசலிலேயே கேரல் நின்றிருந்தார். குட்டை முடி, நீலப் பூப்போட்ட கவுன்.

"மிஸ்டர் சண்முகம்! வாங்க, வாங்க. உங்க பையனை எனக்கு நல்லாத் தெரியும். லைப்ரரியில என்ன சத்தம் மேன்! எத்தனை தடவை சைலன்ஸ்னு கத்தியிருப்பேன்!"

"எங்க ஹரிஷா?" என்றாள் சீதாலட்சுமி.

"வேற யாரு? அவனேதான்."

சண்முகம் மனைவியைப் பார்த்தார். கேட்டாயா என்கிற பார்வை. வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டிக் காட்டுகிற பிள்ளை.

கூடத்துக்கு வெளியே நீளமான பலகை வைத்திருந்தார்கள். மறைந்த மாணவர்களின் படங்கள். மூன்றாவது வரிசையில் ஹரிஷ். கல்லூரியில் சேர எடுத்த படம், புதுச் சட்டை, காலரில் மடிப்பு கலையவில்லை. கீழே ஹரிஷ் எஸ்., எச்.இ.பி. என்று இருந்தது. அதற்கும் கீழே மஞ்சுநாத் சொன்னது எல்லாம் அச்சாகியிருந்தது. எக் பப்ஸ், மைசூர், பிரின்சிபால்.

"இனிஷியலைப் பின்னாடி போட்டிருக்காங்க" என்றாள் அனுஷா.

"இந்த ஊரு பழக்கம் பாப்பா. கரண்ட் பில்லுல என் பேரும் அப்படித்தான் வருது." சண்முகம் படத்தின் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அறிமுகமில்லாத யாரோ நாலு பேர் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். வேறு வேறு வருஷத்துப் பழைய மாணவர்கள். பலகையைப் படித்துவிட்டு வந்தவர்கள். "செம்ம கேரக்டர் சார் உங்க சன்." அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். ஒருவருக்கு எக் பப்ஸ் கதையைத் தானே சொன்னார். ஷட்டர் இழுத்த இடத்தில் கையால் இழுத்தும் காட்டினார்.

சீதாலட்சுமி டீ வாங்கப் போனாள்.

*

மழைமரத்தடியில் டீ கேனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்தான். நாற்பது வயது இருக்கும். முன் தலையில் வழுக்கை. அவள் கையில் டம்ளரை எடுக்கும்வரை காத்திருந்தான்.

"நீங்க எஸ். ஹரிஷ் அம்மாவா?"

எஸ். ஹரிஷ். வீட்டில் சொல்கிற மாதிரி. ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி. அன்று அந்த வளாகத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

"ஆமாம்ப்பா."

"நான் மஞ்சுநாத்."

அவள் டம்ளரை வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயா கண்ணு? உன் குரலக் கேட்டுக்கினுதான் ஒரு வாரமா எங்க வீட்டுல விடியுது. அவரு வந்திருக்காரு, வா. உன்னப் பாத்தா..."

"அம்மா. ஒரு நிமிஷம்."

அவன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"எங்க கிளாஸ்ல பத்துப் பதினோரு பேர்தான். அதுல ரெண்டு ஹரிஷ். ரெண்டு பேருக்கும் இனிஷியல் எஸ். ஒருத்தன் உங்க பையன், சண்முகம் சன். இன்னொருத்தன் சிவண்ணா சன், கன்னடக்காரன். நீங்க இனிஷியலை முன்னாடி போடுவீங்க. அவங்க பின்னாடி. அதனால உங்க பையன் முந்தே ஹரிஷ். அவன் ஹிந்தே ஹரிஷ். பசங்க வச்ச பேரு அது."

முந்தே என்றால் முன்னால். அவளுக்குக் கன்னடம் தெரியும்.

"கடைசி பெஞ்சுன்னு..."

"இல்லம்மா. எழுத்து."

மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. ஹலோ, ஹலோ. மரத்தில் இருந்த காக்கை எழுந்து போனது.

"நான் பேசினது அவனைப் பத்தி. அவன் உயிரோடதான் இருக்கான். கேரல் மேடம் ஆளுங்க கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது எல்லாருக்கும் இனிஷியலைப் பின்னாடி போட்டிருக்காங்க. ரெண்டு பேரும் ஹரிஷ் எஸ். ஆயிட்டாங்க. ஒரே பேரு ரெண்டு தடவை வந்திருக்குன்னு ஒண்ணை எடுத்துட்டாங்க. இப்போ வந்து போர்டைப் பார்க்கறேன், உங்க பையன் போட்டோ, கீழ என் பேச்சு. எனக்குக் கை கால் ஓடல. மேடத்துக்கிட்ட சொன்னேன். அழுதுட்டாங்க. மேடையில திருத்திச் சொல்லிடறேன்னாங்க. நான்தான், முதல்ல அம்மாகிட்ட கேட்டுக்கலாம்னு..."

சீதாலட்சுமி கூடத்தின் பக்கம் திரும்பினாள். கதவு திறந்திருந்தது. முதல் வரிசையில் வெள்ளைச் சட்டை. பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து ஏதோ சொல்கிறார். அந்த ஆள் சிரிக்கிறான்.

"எங்க பையனப் பத்தி நீ என்ன சொல்லுவே?" என்று கேட்டாள்.

மஞ்சுநாத் வாய் திறந்தான். "நல்ல பையன்மா. அமைதியான பையன்."

"அவ்வளவுதானா?"

"மன்னிச்சுக்குங்கம்மா."

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். "இப்ப எதுவும் சொல்ல வேணாம்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு. அவரு பேசி முடிக்கட்டும்."

அவன் போனான். அவள் திரும்பியபோது அனுஷா நின்றிருந்தாள். பின்னால் எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அம்மா, அப்பாகிட்ட சொல்லணும்."

"இன்னைக்கு வேணாம்."

"இன்னைக்கு அவர் பேசறதை ரெக்கார்டு பண்றாங்க. அது அப்படியே நிக்கும். நாளைக்கு யார் கேட்டாலும் அதுதான் ரெக்கார்டு."

"ரெக்கார்டு! உங்க அப்பா கடைசியா என்னைக்குச் சிரிச்சாருன்னு ரெக்கார்டு வச்சிருக்கியா நீ?"

"அது அண்ணன் இல்லம்மா. வேற ஒருத்தன் வாழ்ந்ததை எடுத்து அண்ணனுக்கு மாட்டி விட்டிருக்கோம்."

"தெரியுது."

"அப்போ நம்ம அண்ணனுக்கு என்ன இருக்கு?"

அனுஷாவின் முகம் கோணியது. சின்ன வயதில் அழுவதற்கு முன் கோணுகிற மாதிரியே.

"எனக்கு அவன் குரலே ஞாபகமில்ல" என்றாள். "நானும் அதைக் கேட்டு இவன்தான் போலன்னு ஒரு வாரமா நம்பிட்டு இருந்தேன்."

"போ. அப்பா பக்கத்துல உக்காரு. மூஞ்சியக் கழுவிக்கினு போ."

*

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவன் நல்ல பருமன். சந்தன நிறக் குர்தா. ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் பலகையைத்தான் தேடினான். மஞ்சுநாத் போனில் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது வரிசைக்கு வந்தான். படத்தைப் பார்த்தான். கீழே இருந்ததைப் படித்தான். சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

சீதாலட்சுமி பக்கத்தில் போனாள்.

"நீங்க ஹரிஷ் எஸ்.ஸா தம்பி?"

"ஆமாங்க. நீங்க?"

"நான் இந்தப் பையன் அம்மா."

அவன் குனிந்து அவள் காலைத் தொடப் போனான். அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒரு உதவி செய்யணும்."

"சொல்லுங்கம்மா."

எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டாள். "உள்ள எங்க வீட்டுக்காரரு பேசப் போறாரு. உங்க கதையத்தான் பேசப் போறாரு, எங்க பையன் கதைன்னு நெனச்சிக்கினு. அவரு பேசி எறங்கற வரைக்கும், நீங்க உயிரோட இருக்கறத யாருக்கும் காட்டிக்காம இருப்பீங்களா?"

அவன் அவளையே பார்த்தான்.

"சரிம்மா" என்றான். "ஸ்வல்ப நேரம்தானே."

சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு சிமென்ட் மேடை. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். மேலே கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. கேரல் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தார். குரல் கம்மியிருந்தது.

"என்னா வேலை தம்பி?"

"கல்யாண ரிசப்ஷன்ல மைக் பிடிச்சுப் பேசறவன்மா. வாய்தான் தொழில்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பரவால்ல. சொல்லுங்க. எங்க பையன உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

அவன் சாவிக்கொத்தைக் கையில் உருட்டினான்.

"முதல் நாள் அட்டெண்டன்ஸ். எஸ். ஹரிஷ்னு கூப்பிட்டாங்க. அவன் எழுந்து நின்னான். பிரசன்ட் சார்னு சொல்லணும். பி வரல. முகமெல்லாம் செவந்துபோச்சு. கிளாஸ் சிரிச்சுது. நானும் சிரிச்சேன்மா, பொய் சொல்லமாட்டேன். வெளையாடறான்னு நெனச்சு லெக்சரர் ஆப்சென்ட் போட்டுட்டாரு. மறுநாளும் அதேதான். மூணாவது நாள் எனக்கு மனசு கேக்கல. அவன் பேரு கூப்பிட்டதும் நான் பிரசன்ட் சார்னேன். அடுத்தது என் பேரு. அதுக்கும் நானே பிரசன்ட் சார்."

"யாரும் கேக்கலையா?"

"ரெண்டு பேரும் ஹரிஷ்தானேம்மா. யாருக்குத் தெரியும்? அப்புறம் அதுவே வழக்கமாப் போச்சு. எனக்குப் பின்னாடி பெஞ்ச் அவன். வந்திருந்தா என் முதுகுல ஒரு விரலால தட்டுவான். தட்டினா நான் சொல்லுவேன். தட்டலைன்னா சொல்லமாட்டேன். பொய் அட்டெண்டன்ஸ் ஒரு நாளும் போட்டதில்ல. மூணு வருஷம், வேற எதுவும் பெரிசா பேசிக்கல நாங்க."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் விரல் புடவை மேல் ஒரு முறை தட்டியது.

"ஒருநாள் மட்டும் சொன்னான். மெதுவா, திக்கித் திக்கி. எங்க அப்பா எங்கிட்ட பேசறதில்லடா, ஒரு வகையில நல்லது, பதில் சொல்ற வேலை இல்லன்னு. சொல்லிட்டுச் சிரிச்சான். கோவமாச் சொல்லலம்மா. ஜோக்காத்தான் சொன்னான்."

"ஜோக்கு சொல்லுவானா?"

"சொல்லுவான். முடிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிடும்."

சீதாலட்சுமி சிரித்தாள். சிரித்த பிறகுதான் தான் சிரித்தது அவளுக்குத் தெரிந்தது.

"அவன் போன மறுவாரம்," என்று ஹரிஷ் எஸ். நிறுத்தினான். "லெக்சரர் பழக்க தோஷத்துல எஸ். ஹரிஷ்னு கூப்பிட்டுட்டாரு. நானும் பழக்க தோஷத்துல பிரசன்ட் சார்னுட்டேன். கிளாஸே திரும்பிப் பார்த்துச்சு. அதுக்கப்புறம் நான் ஒரு வாரம் காலேஜ் பக்கமே வரல."

ஒலிபெருக்கி கரகரத்தது. ஓர் இருமல். அவளுக்கு அந்த இருமல் தெரியும்.

*

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. முப்பது வருஷம் லேத் சத்தத்துல வேலை செஞ்சவன். சத்தமாப் பேசினா மன்னிக்கணும்."

கூடத்தில் மெல்லிய சிரிப்பு.

எக் பப்ஸ் கதையைச் சொன்னார். ஷட்டர் இழுத்த இடத்தில் நிறுத்தி, சரியாகச் சொன்னார். கூடம் சிரித்தது. மைசூர் கதை. மணியடிக்க மறந்த நடுவர். கைதட்டல். சைக்கிள் ஸ்டாண்டில் ஹரிஷ் எஸ். தலையைக் குனிந்துகொண்டான். தன் கைதட்டலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லாப் பேசறாரும்மா" என்றான்.

"ஒரு வாரமா பேசிப் பாக்கறாரு."

முடித்துவிடுவார் என்று சீதாலட்சுமி நினைத்தாள். வீட்டில் பேசிப் பார்த்தது அதுவரைதான். நன்றி வணக்கம் என்று முடியும். இறங்கி வருவார். இந்தத் தம்பி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பலகையை நாளைக்கு யாரோ கழற்றுவார்கள்.

ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் கேட்டது.

"இன்னொண்ணு சொல்லணும். என் பையனுக்குத் திக்குவாய். இங்க இருக்கறவங்க யாருக்கும் அது தெரிஞ்சிருக்காது. வீட்டுல அப்படி. அப்பான்னு கூப்பிட ஆரம்பிப்பான், முடியாது. டாக்டர்கிட்ட காட்டினோம். நாக்குல ஒண்ணும் இல்லைன்னாங்க. நான் நம்பல. பொறவிக் கோளாறுன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

சீதாலட்சுமி நிமிர்ந்தாள்.

"போன வாரம்தான் தெரிஞ்சுது, இங்க வந்து அவன் தடையில்லாமப் பேசியிருக்கான்னு. மேடை ஏறியிருக்கான். லைப்ரரியில சத்தம் போட்டிருக்கான். அப்போ அவன் வாயில கோளாறு இல்ல. எதிர்ல யாரு நின்னதுன்றதுலதான் கோளாறு. என் எதிர்ல மட்டும்தான் அவனுக்குப் பேச்சு வரல. பட்டறையில ஒரு பீஸ் சரியா வரலைன்னா பீஸைக் குத்தம் சொல்லமாட்டோம். மெஷினைப் பாப்போம். நான் பாக்கல. இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் பாக்கறேன். அவன் தொண்டையில நின்னுக்கினு இருந்தவன் நான்தான்."

ஒலிபெருக்கியில் மைக்கை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"அதை அவன்கிட்ட சொல்லணும். சொல்ல முடியாது. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

சீதாலட்சுமி எழுந்துவிட்டாள். எழுந்த வேகத்தில் முந்தானை சைக்கிள் ஒன்றின் பெடலில் மாட்டியது. இழுத்தாள். கிழிந்தது.

"அம்மா, நான் அப்படியே கெளம்பிடட்டா?" ஹரிஷ் எஸ். சாவியைக் கையில் எடுத்திருந்தான்.

"இல்ல. எங்கூட வாங்க."

"என்னம்மா சொல்றது அவர்கிட்ட?"

"எங்கிட்ட சொன்னீங்களே. முதல் நாள்ள இருந்து. அதச் சொல்லுங்க. இங்கயும் அவனுக்குப் பேச்சு வரலன்னு சொல்லுங்க."

"மைசூர்?"

"அது உங்களுது. நீங்களே வச்சிக்குங்க."

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். படிகள். பலகை. மூன்றாவது வரிசையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் தூணில் மஞ்சுநாத் சாய்ந்து நின்றிருந்தான். அவர்களைப் பார்த்ததும் வழிவிட்டான். பக்கத்தில் கேரல் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார்.

ஒரு வாரம் முன்பு சண்முகத்துக்கு ஒரு மகன் கிடைத்தான். ஆறு பப்ஸ் தின்றவன், மைசூரை வென்றவன். அந்த மகனை இன்று அவள்தான் கொண்டுபோய்ப் பறிக்கப் போகிறாள். அவன் போனால்தான் இவர் தன் தலையில் ஏற்றிக்கொண்ட பழி இறங்கும். இறங்குமா? இரண்டும் போய்க் கையில் ஒன்றும் மிஞ்சாமல் நிற்பாரா? அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

நடைபாதை நீளமாக இருந்தது. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முதல் வரிசையில் அனுஷா எழுந்து நின்றாள்.

மேடையில் சண்முகம் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கிழிந்த முந்தானையோடு மனைவி. அவள் பிடியில் பருமனான ஓர் ஆள், ஹரிஷ் இருந்திருந்தால் அந்த வயது.

"எங்க வீட்டம்மா வராங்க" என்று கூடத்துக்குச் சொன்னார். பிறகு மைக்கிலேயே அவளைக் கேட்டார். வெளியே சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் அது கேட்டது.

"சீதா, யாரும்மா அது? நம்ம ஹரிஷா?"

நம்ம ஹரிஷோட படிச்சவனா என்று கேட்க வந்தவர், நடு வார்த்தை வராமல் அப்படியே நின்றார்.

சீதாலட்சுமி மேடையின் முதல் படியில் கால் வைத்தாள்.

"இல்லைங்க" என்றாள்.